செட்டில்மென்ட் வாங்கினவன் திரும்பி வரக் கூடாதா?

ஒரகடம் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தேன். 2022இல் ஆர்டர் சரிந்தபோது எங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெறுங்கையோடு அனுப்பவில்லை, பணம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடைந்தது, மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. இப்போது அதே கம்பெனி புது லைன் போட்டிருக்கிறது, கேட்டில் ஆள் தேவை என்று போர்டு தொங்குகிறது. காஸ்டிங்கைக் கையில் எடுத்துத் திருப்பினாலே எங்கே காற்றுத்துளை விழுந்திருக்கும் என்று சொல்லும் ஆள் அவர்களுக்கு வேண்டும். விண்ணப்பம் கொடுத்தேன்.

எச்.ஆரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க செட்டில்மென்ட் வாங்கிட்டுப் போனவங்க. திரும்ப எடுக்கிறது பாலிசியில இல்ல" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "காண்ட்ராக்ட்ல வேணா வாங்கண்ணா, நான் சொல்லி விடறேன்" என்றாள். நல்ல மனசுதான். ஆனால் அவள் சொன்ன இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனி ரோலில் சேர நான் ஆகாதவன். காண்ட்ராக்டர் கணக்கில் வந்தால் அதே லைனில் நிற்கலாம், அதே கேஜைப் பிடிக்கலாம். சட்டையின் நிறம் மாறும், சம்பளம் ஏறக்குறையப் பாதியாகும். அப்படியானால் என் கைவேலை மீது அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. பிறகு எந்தப் பாலிசி இது?

செட்டில்மென்ட் என்பது உழைத்துத் தேய்ந்த வருஷங்களுக்குக் கொடுத்த காசு. இந்தத் தெருப்பக்கமே வராதே என்று சொல்லிக் கொடுத்த காசாக அதை ஆக்குவதைத்தான் நான் ஏற்க மாட்டேன் என்கிறேன்.

சட்டமும் அப்படி நினைக்கவில்லை. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம், ஆட்குறைப்பில் போகிறவருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. அதே சட்டத்தின் 25எச் பிரிவு, பிற்பாடு ஆள் எடுத்தால் அப்படிப் போனவர்களுக்கே முன்னுரிமை என்றது. ஒரு கையால் இழப்பீடு வாங்கியவன் மறு கையால் விண்ணப்பம் நீட்டலாம் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

ஆனால் எங்களை யாரும் ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பவில்லை. விருப்ப ஓய்வு என்று எழுதிய தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள். தானே விரும்பிப் போனவரை சட்டம் ஆட்குறைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே முன்னுரிமையும் இல்லை. "படிச்சிட்டுப் போடுங்கப்பா" என்று சங்கத் தலைவர் சொன்னார். படித்துவிட்டுத்தான் போட்டோம். சட்டப்படியான 15 நாள் ஒரு பக்கம், அதைப் போலப் பல மடங்கு தொகை இன்னொரு பக்கம். தவணை கட்டுகிறவன் எதை எடுப்பான்? விருப்பம் என்ற சொல்லுக்கு அந்த அறையில் எவ்வளவு இடம் இருந்தது என்பது உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

கம்பெனிப் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் ரூபாய்க்கு வரிவிலக்கு வாங்கினால், அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அந்தக் காலி இடத்தை நிரப்பக் கூடாது, போனவரை அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் அமர்த்தக் கூடாது. ஆளைக் குறைக்கத்தான் திட்டம் என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக அனுப்பிக் கொல்லை வழியாக அழைக்கும் வேலையைத் தடுக்க வந்த விதி அது. சரி. அப்படியானால் வருஷங்கள் கழித்துப் புதிதாகப் போட்ட லைனுக்கும் இது பொருந்துமா, பொருந்தினால் காண்ட்ராக்டர் மூலம் அதே ஆளை அழைப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? இதை அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பயனில்லை. அவள் திரையில் இருப்பதைப் படிக்கிறாள்.

"காசும் வாங்குவான், வேலையும் வாங்குவானா?" என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்தால் கேட்கலாம். அப்படி வந்தால், வேலை இல்லாமல் இருந்த மாதங்கள் போக மீதித் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்வேன். பழைய சீனியாரிட்டி வேண்டாம், கிராஜுவிட்டிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள், சேர்ந்த தேதியும் புதிதாக இருக்கட்டும். குன்றத்தூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கிடைத்த கூலியை வைத்து இத்தனை காலம் ஓட்டிய வீட்டில் அந்தப் பணம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று நினைப்பவர்களிடம்தான் பேச்சு எடுபடாது.

சட்டமும் இப்போது மாறிவிட்டது: அந்த 1947ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் மறுவேலை முன்னுரிமை ஆட்குறைப்பு நடந்த ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் மட்டும்தான். பழைய சட்டத்தில் அந்தக் கெடு எழுதப்பட்டிருக்கவில்லை. கார் தொழிலில் ஒரு மாடல் படுத்து இன்னொரு மாடல் எழும்ப ஒரு வருடம் போதுமா? அச்சு செய்து, சோதனைத் துண்டு அனுப்பி, வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்குவதற்குள்ளேயே அந்தக் கெடு கரைந்துவிடும்.

எங்கள் கம்பெனி சின்னது. மறைமலைநகரைப் பாருங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு முடித்த வருடம் ஒன்றுக்குச் சராசரியாக 130 நாள் சம்பளம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. அங்கே வேலை செய்த நண்பர்கள் அதை நல்ல தொகை என்றே சொல்வார்கள். 2025 அக்டோபரில் அதே ஆலையில் என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு, 600க்கு மேற்பட்ட நேரடி வேலை, 2029இல் உற்பத்தி என்று தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வருடக் கெடு கொண்ட சட்டம் 2022இல் வெளியே வந்தவருக்கு எந்த உதவியும் செய்யாது. ஆகவே சட்டத்தை நம்பிப் பயனில்லை, ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

ஆலையைத் திறப்பவரோடு சலுகைகள் பேசும் மேசையிலேயே, முன்பு அங்கே வேலை செய்தவர்களை முதலில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியையும் அரசு கேட்கட்டும். சங்கங்களும் அப்படித்தான்: செட்டில்மென்ட் தொகைக்காக இரவெல்லாம் பேரம் பேசுகிறவர்கள், மறுபடி ஆள் எடுத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், எவ்வளவு காலம் வரை, எந்தச் சம்பளத்தில் என்பதையும் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். 2022இல் 38 வயதில் வெளியே வந்தவருக்கு 2029இல் 45தான் ஆகியிருக்கும். என்ஜின் கோர்க்கிற வயதுதான். அவரவர் பி.எஃப். எண் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, செட்டில்மென்ட் போட்ட பட்டியலும் கம்பெனியிடமே இருக்கிறது. தேடிப் பிடிக்க முடியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.