தோட்டா விலை ஏறினால் குறி நேராகிவிடுமா?

ஷாட்கன் என்றால் ஒரு பிடி சிறு குண்டுகளை வாரி இறைக்கும் துப்பாக்கி. வாத்துக்கும் காடைக்கும் அது சரி. மானுக்கு? அதற்காக வந்ததுதான் ஸ்லக் என்ற ஒற்றைக் குண்டு.

அமெரிக்காவில் ஒஹையோ, அயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களில் நெடுங்காலம் மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்துப் போக அனுமதி இல்லை. தட்டையான பூமி, நடுநடுவே பண்ணை வீடுகள். ரைஃபிள் குண்டு எங்கே போய் விழுமோ என்ற பயம்! ஒஹையோவில் 2014-இல்தான் சில வகை ரைஃபிள்களுக்கு வழி விட்டார்கள். அதனால் அங்கே ஸ்லக் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. பெரும்பாலும் "விலை அதிகமானதை வாங்கு" என்பதில் போய் முடியும்.

இதுதான் தவறு. முதலில் பார்க்க வேண்டியது குழலை.

உள்ளே வழுவழுப்பாக இருக்கும் குழலுக்கு ஏற்றவை பழைய வகைகள். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னக்கே 1898-இல் செய்தது ஒன்று, அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் 1931-இல் செய்தது இன்னொன்று. ஃபாஸ்டர் குண்டின் பின்பக்கம் குழிவு, கனமெல்லாம் முன்னால். இறகுப்பந்து மாதிரி தலை முன்னாகவே பறக்கும். சுழல வேண்டிய அவசியமே இல்லை. சேபாட் வகை வேறு. பிளாஸ்டிக் உறைக்குள் சிறிய குண்டு. குழலை விட்டதும் உறை கழன்றுவிடும். இது பம்பரம் போல, சுழன்றால்தான் நிற்கும். சுழற்றிவிட குழலுக்குள் திருகுவரிகள் வேண்டும். வழுவழுப்பான குழலில் போட்டால் தலைகுப்புற உருளும். பல மடங்கு காசு கொடுத்து வாங்கிய குண்டு இப்படி!

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். பெட்டியில் 'ரைஃபிள்டு ஸ்லக்' என்று போட்டிருக்கும். அது வழுவழுப்பான குழலுக்கானது! குண்டின் மேலுள்ள வரிகள் அதைச் சுழற்றுவதற்காக அல்ல, குழல் முனையின் குறுகலில் நசுங்கி வெளியே வருவதற்காக. இந்தப் பெயரை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, வரிக்குழலே வாங்கிவிடலாமா? சேபாட் போட்டால் நூறு கஜம் தாண்டியும் நம்பலாம். ஆனால் அதில் பறவைக் குண்டு சுட்டால் நடுவில் ஓட்டை விழுந்து வளையமாகச் சிதறும். மாஸ்பர்க் 500, ரெமிங்டன் 870 போன்றவற்றில் குழலை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஒரு துப்பாக்கி இரண்டு குழல் என்பதே கணக்குக்கு ஒத்துவருகிறது. ஐம்பது கஜத்துக்குள் மரங்களுக்கு நடுவே சுடுகிறவருக்கு அந்தச் செலவும் வேண்டாம். பழைய குழலும் ஃபாஸ்டரும் போதும். முனையில் குறுகல் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவே. நுனியில் ஒற்றை மணி மட்டும் இருந்தால், பின்னால் ஒரு குறிகாட்டி பொருத்துவது விலை உயர்ந்த குண்டை விடப் பலன் தரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே மாதிரி இரண்டு குழல்கள் வெவ்வேறு கம்பெனிக் குண்டைக் கேட்கும். காகிதக் குறியில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெட்டிக்கு ஐந்துதானே வருகிறது என்று கஞ்சத்தனம் பார்த்து நேரே காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வயிற்றில் அடிபட்ட மான் அங்கேயே விழாது. நடந்து ஏதோ ஒரு புதருக்குள் போய்ப் படுக்கும், சுட்டவர் கண்ணில் படாமலே.