காருக்கடியில் சொட்டும் ஒரு துளி

மாலை மழை விட்டதும் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையோரம் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? தேங்கிய நீரில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒரு படலம் மிதக்கும். வானவில் கீழே விழுந்துவிட்டது என்று சின்ன வயதில் நாம் நினைத்திருப்போம். உண்மையில் அது ஏதோ ஒரு காரின் அடியிலிருந்து ஒழுகிய எண்ணெய். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் அந்த நிறங்கள் தெரிகின்றன.

“ஒரு சொட்டுதானே, ஓடுகிற வரை ஓடட்டும்” என்று காரின் சொந்தக்காரர் சொல்வார். இந்தப் பேச்சை நாம் இனியும் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. இந்த ஒழுக்கை நிறுத்தப் பெரிய பணமும் வேண்டாம், புதிய கண்டுபிடிப்பும் வேண்டாம். வகுப்பில் படிக்கும் அறிவியலைப் பட்டறைக்கும் கொண்டுபோனால் போதும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலிட்டர். 30 நாளில் அது 2 லிட்டரைத் தாண்டிவிடும். நிறம் காட்டும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. அதன் தடிமனை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடிமனில் 4 லிட்டர் எண்ணெய் பரவினால் 13,000 சதுர மீட்டருக்கு மேல் மூடும். கிட்டத்தட்ட இரண்டு காற்பந்துத் திடல்! 4 லிட்டர் என்பது ஒரு நடுத்தரக் காரில் ஒரே தடவை மாற்றும் எண்ணெயின் அளவுதான்.

சரி, எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது? எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டு ஒன்று உண்டு. ‘ஆயில் பேன்’ என்பார்கள். பழைய எண்ணெயை வடிக்க அதன் அடியில் ஒரு துளையும், அதை மூட ‘டிரெயின் நட்’ என்ற திருகும் இருக்கும். கியர்பெட்டிக்கும் இப்படியே வடிக்கும் திருகு உண்டு. நம்மில் பலர் நினைப்பதுபோல் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது திருகின் மரைகள் அல்ல. மரைகளுக்கிடையே சுருள் வழியாக எண்ணெய் கசிய இடமிருக்கிறது. பெரும்பாலான கார்களில் அடைக்கும் வேலையைச் செய்வது திருகின் தலைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய வளையம், அதாவது வாஷர்.

உலோகப் பரப்பு நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்கள் வழியே எண்ணெய் கசியும். வாஷரை அலுமினியம், செம்பு போன்ற மென்மையான உலோகத்தில் செய்வதற்குக் காரணம் இதுதான். திருகை இறுக்கும்போது வாஷர் நசுங்கிப் பள்ளங்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது பழைய உருவத்துக்குத் திரும்புவதில்லை. ரப்பரை அழுத்தி விட்டால் திரும்பிவிடும், மாவை அழுத்தினால் அழுந்தியபடியே இருக்கும் அல்லவா? இந்த வாஷரும் மாவு மாதிரிதான். அதனால்தான் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போடச் சொல்கிறார்கள். “பழையதே நன்றாகத்தானே இருக்கிறது” என்று அதையே மாட்டினால் முன்பு அடைத்த இடத்தில் அது மறுபடி சரியாக உட்காராது.

அடுத்த தவறு, இறுக்கம் கூடினால் ஒழுகாது என்ற நம்பிக்கை. சொட்டுவதைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்து முழுப் பலத்தோடு திருகுகிறவர்கள் உண்டு. பல சிறிய கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். முறுக்கு விசை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வரும் தொகை. கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 160 நியூட்டன் கொடுத்தாலே 40 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். இது 16 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் பலத்துக்குச் சமம். ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி நீளத்தை இரு மடங்காக்கினால், அதே பலத்துக்கு முறுக்கு விசையும் இரு மடங்காகிவிடும். பல கார்களில் தட்டு அலுமினியம், திருகு எஃகு. அளவு மீறினால் மென்மையான அலுமினிய மரைதான் தேய்ந்து கழன்று போகும். பிறகு தட்டையே மாற்ற வேண்டி வரலாம். சில வெள்ளி வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் சில நூறு வெள்ளி செலவு!

தட்டு எஞ்சினோடு சேரும் ஓரத்திலும் இதே விதிதான். அங்கே பல திருகுகள் இருக்கும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி விழும். எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பாமல் அளவு காட்டும் டார்க் ரெஞ்சை எடுக்கும் மெக்கானிக்கைத் திறமை குறைந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அளந்து வேலை செய்கிறவர்தான் தொழில் தெரிந்தவர்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. ‘மின்யாக் ஹீத்தாம்’ என்று நாம் சொல்லும் அந்தக் கறுப்பு எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும் எரிபொருளின் கழிவும் கலந்திருக்கும். அந்தக் கழிவில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கால்வாயில் ஊற்றினால் அது கிள்ளான் ஆற்றில் சேரும். அந்த ஆறு கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோலாலம்பூரில் ஊற்றியது கிள்ளான்காரர்களின் வாசலைத் தாண்டி, மீனும் நண்டும் வளரும் கடலோரத்துக்குப் போகிறது.

நீர் கெட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் கெட்ட வாடை வீசியதால் 4 சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் கடைகளிலும் குழாய் வறண்டது. வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் கார் எண்ணெய் என்று நான் சொல்லவில்லை. ஆற்றில் விழுவது கடைசியில் நம்மிடமே திரும்பி வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்ற எண் உண்டு. பட்டறைகள் அதைச் சேர்த்து வைத்து உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சிறு பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பழைய எண்ணெய்க்கு விலை உண்டு என்பதால் பலர் அதைப் பத்திரமாகவே சேர்க்கிறார்கள். வீட்டு வாசலில் தாமே மாற்றிவிட்டுக் கால்வாயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுக்க, குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும். ஊராட்சி மன்றங்கள் இதை முன்வந்து செய்ய வேண்டும்.

நீங்களே காருக்கடியில் படுத்து வேலை செய்ய வேண்டியதில்லை. வெறும் ஜாக்கை நம்பி யாருமே காருக்கடியில் போகக் கூடாது. அடுத்த முறை அப்பாவோடு பட்டறைக்குப் போகும்போது மரியாதையாக மூன்றே கேள்விகள் கேளுங்கள்: “அண்ணே, புது வாஷர் போட்டீங்களா? கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினீங்களா? பழைய எண்ணெயை எங்கே கொடுக்கிறீங்க?” நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். அன்றிரவு காருக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து மறுநாள் காலை பாருங்கள். அதில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லையென்றால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள்.