தூக்குப் பாலத்துக்கு ஒரு நேர அட்டவணை

ரெயிலும் ரெயில்தான், படகும் படகுதான். பாம்பனில் யாருக்கு எந்த நேரம்?

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்கு அருகே இருக்கிறது தீர்த்தமலை. கோடையிலும் பாறை இடுக்கிலிருந்து நீர் விழுந்துகொண்டிருக்கும் மலை. அங்குள்ள ராம தீர்த்தத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். இலங்கைப் போர் முடிந்து திரும்பிய ராமபிரான் இந்த மலையில் சிவபூஜை செய்ய நினைத்தார். கங்கை நீர் கொண்டு வர அனுமனை அனுப்பினார். பூஜை வேளை நெருங்கியது. அனுமன் வந்து சேரவில்லை. ராமன் வில்லை எடுத்தார், பாறையில் அம்பை எய்தார், நீர் கொட்டியது, பூஜை முடிந்தது. பிந்தி வந்த அனுமன் கோபித்துக்கொண்டு தான் கொண்டு வந்த நீரை வீசி எறிந்தார். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தம் ஆயிற்று.

ராமேசுவரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. அங்கே அனுமன் கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டு வரப் போனார். அவர் வரத் தாமதமானது. வேளை தவறக் கூடாது என்று சீதாபிராட்டி மணலிலேயே லிங்கம் பிடித்து வைத்தாள்.

இரண்டு கதைகளிலும் உள்ள விஷயம் ஒன்றுதான்: குறித்த வேளை. காத்திருப்பவர் ராமனே ஆனாலும், வேளை தவறினால் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கிறது.

தீர்த்தமலையில் நீராடுகிறவர்களுக்கு, ராமேசுவரத்து 22 தீர்த்தங்களிலும் ஒரு முறை நீராடிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அதற்குக் கடலைத் தாண்ட வேண்டும். ரெயிலில் போகிறவர்கள் தாண்டுவது பாம்பன் பாலத்தை. அது சாதாரணப் பாலம் அல்ல. நடுவில் ஒரு பகுதி மேலே எழும்பும் பாலம். அது கீழே இருந்தால் ரெயில் போகும். மேலே இருந்தால் கப்பல் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

அப்படியானால் எந்த நேரம் ரெயிலுக்கு, எந்த நேரம் படகுக்கு? சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் பயணிகளின் பொழுதும், மீனவர்களின் பிழைப்பும், கடலோரத்து வியாபாரமும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன.

இரண்டு கடலுக்கு ஒரு வாசல்

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. இந்த இரண்டு கடல்களுக்கும் இடையே படகுகள் போய்வரும் வாசல் பாம்பன் கால்வாய். ஆழம் குறைவாகையால் பெரிய கப்பல்கள் இதில் நுழைய முடியாது. அவை இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். ஆனால் விசைப்படகுகள், சிறு சரக்குக் கப்பல்கள், இழுவைக் கப்பல்கள், கடலோரக் காவல் படையின் கப்பல்கள், ஊர் ஊராகக் கடலில் சுற்றும் பாய்மர உல்லாசப் படகுகள் முதலியவற்றுக்கு இது குறுக்கு வழி. நூற்றுக்கணக்கான கடல் மைல் மிச்சம்.

இந்த வாசலின் குறுக்கேதான் 1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி ரெயில் பாலம் திறக்கப்பட்டது. அன்றைய ‘போட் மெயில்’ பயணிகள் இதன் மேல் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே நீராவிக் கப்பலில் ஏறி இலங்கையின் தலைமன்னாரில் இறங்கினார்கள். கப்பல் பாதையை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக, பாலத்தின் நடுவில் இரண்டு கைகளைப் போல மேலே திறக்கும் அமைப்பு வைக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறை அது. ஆட்கள் சுற்றி நின்று நெம்புகோல்களைத் தள்ளித் தள்ளி அதைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட 100 ஆண்டுகளுக்கு மேல் மனிதர்களின் தோள் வலிமையே அந்தக் கதவைத் திறந்து மூடியது.

1964 டிசம்பர் 22-ந்தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரெயிலையே கடல் விழுங்கியது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும் பகுதி அடித்துச் செல்லப்பட்டது. தூக்கும் பகுதி தப்பிப் பிழைத்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீர் செய்யப்பட்டது. 1988 அக்டோபர் 2-ந்தேதி பக்கத்திலேயே சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அது உயரமாகக் கட்டப்பட்ட நிலையான பாலம். அதைத் தூக்க வேண்டியதில்லை. ஆகவே, படகுகளுக்கும் பாலத்துக்கும் உள்ள வழக்கு ரெயில் பாலத்தோடு மட்டும் நின்றது.

புதிய பாலம், பழைய கேள்வி

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரெயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேசுவரம் ரெயில்கள் ராமநாதபுரம், மண்டபம் ஆகிய இடங்களோடு நின்றன. 2025 ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாலத்தைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார்.

இந்தப் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே இரும்புத் துண்டு, இரு பக்கக் கோபுரங்களுக்கு இடையே மின்தூக்கி போல நேராக மேலே எழும்புகிறது. 17 மீட்டர் உயரம் எழுந்ததும், கடல் மட்டத்திலிருந்து 22 மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. சாலைப் பாலத்தின் கீழ் உள்ள இடைவெளியும் அதே அளவுதான். இதைவிட உயரமான பாய்மரம் உள்ள படகு எதுவானாலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயர்த்திக் கட்டியிருப்பதால், நாட்டுப்படகுகள் பாலத்தைத் தூக்காமலே எளிதாகக் கீழே போய்விடலாம்.

மின்சாரத்தால் தூக்குவதால் ஆட்கள் தோள் கொடுக்க வேண்டியதில்லை. பழைய பாலத்தைத் திறக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். புதியதை மேலே தூக்க ஐந்தரை நிமிடம் போதும் என்கிறார்கள்.

ஐந்தரை நிமிடம்தானே, கேட்ட போதெல்லாம் தூக்கி இறக்கினால் என்ன என்று சிலர் கேட்கலாம். விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல. முதலில் இரு பக்கமும் ரெயிலுக்குச் சிவப்பு விளக்குப் போட்டுப் பூட்ட வேண்டும். பிறகு தூக்க வேண்டும். படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டும். பாம்பன் நீரோட்டம் வேகமானது. ஆகவே கவனமாகத்தான் வர முடியும். கடைசிப் படகு தாண்டியதும் இறக்கி, தண்டவாளம் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறமே பச்சை விளக்கு. இடையில் பலத்த காற்று வீசினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காற்று அடித்தால் ரெயிலுக்குத் தானாகவே சிவப்பு விளக்கு விழும்படி பழைய பாலத்திலேயே ஏற்பாடு இருந்தது. தூக்கும் வேலை விரைவானதே தவிர, சுற்று வேலைகள் அப்படியே இருக்கின்றன.

யார் காத்திருப்பது?

படகுகள் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, பாலம் திறக்கும் நாளுக்காக நங்கூரம் பாய்ச்சிக் காத்திருப்பது பழைய வழக்கம். உள்ளே இருப்பவர்களுக்கு அது சுலபமான காரியம் அல்ல. ஆழ்கடல் மீன்பிடிப் படகு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தொழில் இல்லாத நாள். ஆட்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். கடல் கொந்தளித்தால் நங்கூரம் அறுந்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். உல்லாசப் படகில் வருகிறவருக்குப் பணத்துக்குக் குறைவில்லாமல் இருக்கலாம். ஆனால் புயலுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது.

ரெயில் பயணியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரில் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, வயதான தாயாரை அழைத்துக்கொண்டு, அமாவாசைத் தர்ப்பணத்துக்காக வருகிறான் ஒருவன். யாரோ ஒருவருடைய உல்லாசப் படகுக்காக அவன் ரெயில் மண்டபத்தில் நிற்பதா? ‘ரெயிலில் ஆயிரம் பேர், படகில் ஐந்து பேர், எண்ணிப் பாருங்கள்’ என்பது அவன் வாதம்.

தலைகளை எண்ணினால் ரெயில்தான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் கடல் வழி பாலத்துக்கு முன்பே இருந்தது. அதை அடைப்பதில்லை என்ற வாக்குறுதியோடுதான் 1914-ல் பாலமே கட்டப்பட்டது. தூக்கும் பகுதிக்காகச் செலவிட்டுவிட்டு, அதைத் தூக்காமல் வைத்திருப்பதில் என்ன லாபம்?

ஹவுரா, லண்டன், சிகாகோ

இந்த வழக்கு பாம்பனுக்கு மட்டும் உரியது அல்ல. கல்கத்தாவில் இன்றைய ஹவுரா பாலத்துக்கு முன்பு, 1874 முதல் ஒரு மிதவைப் பாலம் இருந்தது. கப்பல்கள் போவதற்காக அதன் நடுப்பகுதியைப் பகலில் கழற்றி விலக்குவார்கள். இரு கரையிலும் மாட்டு வண்டிகள் தேங்கி நிற்கும். 1906 ஜூன் முதல் ஒரு மாறுதல் செய்தார்கள். பெரிய கடல் கப்பல்களைத் தவிர மற்றவற்றுக்கு இரவில்தான் பாலம் திறக்கும் என்று விதித்தார்கள். பாலத்தை மாற்றவில்லை, நேரத்தை மாற்றினார்கள். பகலில் நெரிசல் குறைந்தது.

லண்டன் டவர் பாலத்தில் தண்ணீர் வழிக்கே முதல் உரிமை. 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவித்தால் போதும். கட்டணம் கிடையாது. எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தப் படகுக்காகப் பாலம் திறக்கும் என்ற பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது. 1997 மே மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் பிரதமர் பிளேருடன் விருந்து சாப்பிட்டுத் திரும்பும்போது, ‘கிளாடிஸ்’ என்ற பாய்மரப் படகுக்காகப் பாலம் திறந்துகொண்டது. ஜனாதிபதியின் கார் வரிசை இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி இக்கரையில் நின்றுவிட்டது! முன்பதிவு செய்தது படகு. ஆகவே வழி படகுக்கு.

பாம்பனின் பழைய தூக்கு முறை பிறந்த ஊர் சிகாகோ. அங்கே நதியின் மேல் வரிசையாகத் தூக்குப் பாலங்கள். குளிர்காலத்தில் கரையேற்றி வைத்த உல்லாசப் படகுகள் வசந்தத்தில் ஏரிக்குப் போகும். இலையுதிர் காலத்தில் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் தனித் தனியே பாலம் திறந்தால் நகரம் ஸ்தம்பித்துவிடும். ஆகவே அந்தப் பருவங்களில் புதன், சனி என்று நாள் குறித்து, படகுகளைக் கூட்டமாகச் சேர்த்து விடுகிறார்கள். மற்ற நேரத்தில் போக வேண்டுமானால் குறைந்தது ஐந்து படகுகளாவது சேர்ந்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்நாட்டில் பாலத்தின் நேரத்தை மாற்றுவதானால், கடலோரக் காவல் துறை உத்தேசத்தை முதலில் வெளியிட்டு, பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்ட பிறகே விதி செய்கிறது.

ஊருக்கு ஊர் முறை வேறு. ஆனால் மூன்று இடத்திலும் வேளை முன்கூட்டியே தெரிந்திருந்தது.

முறைத் தண்ணீர்

தர்மபுரிச் சீமை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது அவனுக்குப் பழக்கம். இன்ன பொழுது மேல் வயலுக்கு, இன்ன பொழுது கீழ் வயலுக்கு. முறை தெரிந்துவிட்டால் மண்வெட்டியோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. தன் முறை வரும் வரை வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

பாம்பனில் பங்கிட வேண்டியது தண்ணீர் அல்ல, நேரம். அதற்கும் முறை வைக்கலாம். ரெயில்கள் இல்லாத பகல் இடைவெளியில், நீரோட்டம் தணிந்த வேளை பார்த்து, வாரத்தில் இரண்டு நாட்கள் நிரந்தரமாகக் குறிக்கலாம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடியும் சமயத்தில் படகுகளின் நடமாட்டம் அதிகம். அப்போது நாட்களைக் கூட்டலாம். தை அமாவாசை, ஆடி அமாவாசை போன்ற கூட்ட நாட்களில் குறைக்கலாம்.

வரிசைக்கும் ஒரு நியாயம் வேண்டும். ஆபத்தில் உள்ள படகும் காவல் கப்பலும் எந்த நேரத்திலும் முதலில். அடுத்தது பிழைப்புக்குப் போகும் மீன்பிடிப் படகு. அதன் பின் சரக்கு. கடைசியில் உல்லாசம். கடைசி என்றால் இல்லை என்று அர்த்தம் அல்ல. அவர்களுக்கும் நாள் தெரிந்துவிட்டால் அதற்கேற்பப் பயணத்தை வகுத்துக்கொள்வார்கள். வந்து தங்கினால் ராமேசுவரத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் உண்டு.

இந்த அட்டவணை அதிகாரிகளின் மேஜைக்குள் இருந்தால் பயனில்லை. நாகப்பட்டினம் முதல் தூத்துக்குடி, கன்னியாகுமரி வரை மீன்பிடித் துறைமுகங்களில் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். ரெயில் நிலையங்களிலும் தெரிய வேண்டும். காற்றினால் நாள் தவறினால், மாற்று நாள் எது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இதனால் ரெயில்வேக்கு அதிகச் செலவு எதுவும் இல்லை. பெரிய செலவு செய்து பாலம் கட்டியாகிவிட்டது. இனி வேண்டியது ஒரு தாளும், அதன்படி நடக்கும் உறுதியும்தான்.

காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் எவ்வளவு நேரம் என்று தெரிந்த காத்திருப்பை எவனும் பொறுத்துக்கொள்வான். தெரியாத காத்திருப்புத்தான் கோபத்தைக் கிளப்புகிறது. தீர்த்தமலையில் அனுமன் தாமதித்தபோது, அம்பு எய்து தீர்த்தம் வரவழைக்க ராமனுக்கு வில் இருந்தது. பாம்பனில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் மீனவனிடம் வில் இல்லை. அவனுக்கு வேண்டியது வேளை தெரிந்த ஒரு பாலம்.