மாங்குடி மருதனை மேடையேற்றுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேச்சுப் போட்டியோ பரிசளிப்பு விழாவோ நடந்தால் புறநானூறு மேடைக்கு வராமல் போவது அரிது. வரட்டும். அதை எதற்காக அழைத்து வருகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. பழந்தமிழர் வென்றவனைக் கொண்டாடினார்கள், அந்தப் பாட்டுகளைப் படித்தால் பிள்ளைக்கு வெல்லும் வேகம் வரும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் அரசியல் பேசுவோரிடமும் ஒரே மாதிரி ஊறிக் கிடக்கிறது. அது பிழை. நம்மை நிறைய இழக்க வைத்த பிழை.

மேடைகளுக்குப் பிடித்தமான பாட்டு புறநானூற்றின் 72ஆவது, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம். அரசனே பாடியது. தன்னைச் சிறுவன் என்று எள்ளிய பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு என்னென்ன நேரட்டும் என்று அடுக்கிச் சொல்கிறான். குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை வரட்டும் என்கிறான். பதினைந்து வயதுப் பிள்ளை இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி முடிக்கும்போது மண்டபம் கைதட்டுகிறது. அத்தோடு நெடுஞ்செழியன் கதையை மூடிவிடுகிறோம்.

மூடக்கூடாத இடம் அதுதான். நெடுஞ்செழியன் வென்றான். சேரன், சோழன், வேளிர் ஐவர் என்று எழுவரை ஒரே களத்தில் வென்றான். மாங்குடி மருதனும் அவனைப் பாடினார். அவர் பாடியதுதான் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் இதுவே மிக நீண்டது, 782 அடி. சங்ககாலத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்றை ஈட்டியவனுக்கு, அவன் தன் வஞ்சினத்திலேயே பெயர் சொல்லி மதித்த புலவர் நிலையாமையைப் பாடிக் கொடுத்தார். அவனுடைய போர்த்திறத்தை மருதன் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் போரால் பகைவரின் ஊர்கள் பாழடைந்து காடாகிக் கிடப்பதையும் அவன் கண்ணெதிரே விரித்துக் காட்டுகிறார். உனக்கு முன் இந்த நிலத்தை ஆண்டு மாண்டவர்கள் கடற்கரை மணலைவிட அதிகம் என்று நேரே சொல்கிறார். பிறகு அவனை மதுரை நகருக்குள் அழைத்துப் போகிறார். பகற்கடை, இரவுக்கடை, உணவு விற்பவர்கள், சங்கு அறுப்பவர்கள், நடுச்சாமத்தில் கள்வரைத் தேடித் திரியும் காவலர்கள், விடியலில் கேட்கும் ஒலிகள் என்று ஒரு முழுநாள் நகர வாழ்க்கை விரிகிறது. பாட்டின் பெரும்பகுதி இந்த மக்களுக்கே போகிறது. அரசனே, நீ வென்றாய், இவர்கள் நிம்மதியாகத் தூங்கி எழுகிறார்களா என்று பார்த்துக்கொள் என்பதாகவே நான் அதை வாசிக்கிறேன். வஞ்சினத்தை மனப்பாடம் செய்ய வைத்த நாம், அதற்கு வந்த இந்தப் பதிலைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டோம்.

கரிகாலனையும் இப்படித்தான் பாதியாக்கினோம். வெண்ணிப் பறந்தலையில் அவன் பெற்ற வெற்றி எல்லாருக்கும் தெரியும். திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணிதான் அந்த இடம். அங்கே தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். அந்த ஊர்க்காரி, குயவர் குலத்துப் பெண், வெண்ணிக் குயத்தியார் கரிகாலனை நோக்கிப் பாடியது புறநானூற்றின் 66ஆம் பாட்டு. அவன் முன்னோரின் கடலோட்டத்தைப் புகழ்ந்து தொடங்குகிறார், வெற்றியை ஒப்புக்கொள்கிறார், பிறகு வடக்கிருந்தவன் உன்னிலும் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். வென்ற அரசனின் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்க ஒரு புலவருக்கு இடம் இருந்தது. அந்தச் சாவைக் கேட்டுச் சான்றோர் சிலர் தாமும் உயிர் துறந்தார்கள் என்று அகநானூற்றில் மாமூலனார் சொல்கிறார். கரிகாலனைப் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். குயத்தியாரின் அந்தக் கேள்வியை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

கோவூர் கிழாரையும் சொல்ல வேண்டும். ஒரே குலத்துச் சோழர் இருவர் மோதியபோது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று நலங்கிள்ளியிடம் சொன்னவர் அவர். அதைவிட எனக்கு நெருக்கமானது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக்காலில் இடப்போகிறான். பிள்ளைகள் யானையைக் கண்டு வியந்து அழுகையை மறக்கிறார்கள், பிறகு பழக்கமில்லாத மன்றத்தைப் பார்த்து மருளுகிறார்கள். புலவர் இதைச் சொல்லிவிட்டு, நான் சொல்வதைக் கேட்டாய், இனி உன் விருப்பப்படி செய் என்று நிறுத்துகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புச் சொல்கிறது. வெற்றிப் பாட்டுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்க முடியுமா?

இப்படியே எல்லாப் பாட்டும் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. பதிற்றுப்பத்தில் பகைவர் நாட்டை எரித்ததைப் பெருமையோடு பாடும் இடங்கள் உண்டு. 1112 அளவில் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டார் வென்றவனின் ஆள்தான். ஆனால் அவருடைய கலிங்கத்துப்பரணிக்குப் பெயர் தோற்ற நாட்டின் பெயர், அது பரணி என்னும் போர்ப்பாட்டின் மரபு. அதன் முடிவில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. களத்தில் கிடந்த உடல்களைத் தாண்டாமல் யாரும் அந்த நூலை வாசித்து முடிக்க முடியாது.

இந்தப் பாதி வாசிப்பைப் பேச்சுப் போட்டி விவகாரம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றின் 279ஆம் பாட்டில் ஒரு தாயைக் காட்டுகிறார். முந்தைய போர்களில் அவள் வீட்டு ஆண்கள் மாண்டுபோனார்கள். இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அவள் துணிவைக் கண்டு புலவர் திடுக்கிடுவதிலிருந்தே பாட்டு தொடங்குகிறது. உரைகாரர்கள் அதைப் புகழ்ச்சியாகக் கொள்வார்கள். எனக்கு அந்தத் திடுக்கீடு திடுக்கீடாகவே கேட்கிறது. நம் அரசியல் மேடைகள் அதை வெட்டி எறிந்துவிட்டு, புறநானூற்றுத் தாய் என்று பெயர் சூட்டி எங்கள் தாய்மாரிடம் பிள்ளைகளைக் கேட்டன. பிள்ளைகள் போனார்கள். திரும்பி வராதவர்களின் படங்கள் இந்தத் தீவில் எத்தனை சுவர்களில் தொங்குகின்றன என்பதை நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பரிமாறப்பட்டது. 1983 கலவரத்தின் நெருப்பைப் பார்த்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகள் அந்தச் சத்தத்தையும் கேட்டன. அதன்பின் பல ஆண்டுகள் மே மாதம் வெற்றி விழா மாதமாக இருந்தது. அந்த விழாக்களில் பழைய சிங்கள அரசன் துட்டகைமுனுவின் பெயர் ஒலித்தது. அவனைப் பாடிய மகாவம்சமும் செய்யுளில் அமைந்த வெற்றி நூல். அதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்கு உரிய மரியாதையோடு ஈமக்கடன் செய்து நினைவிடம் எழுப்பினான் என்றும், அந்த இடத்தைக் கடக்கும் அரசர்கள் வாத்தியங்களை நிறுத்திவிடுவது தன் காலம்வரை வழக்கம் என்றும் அந்த நூல் எழுதுகிறது. வென்றபின் அவன் மாண்டவர்களை நினைத்து நிம்மதி இழந்திருந்தான் என்றும் எழுதுகிறது. அவனைத் தேற்ற வந்த துறவிகள், இறந்தவர்களில் மனிதராகக் கொள்ளத் தக்கவர் ஒன்றரைப் பேர்தான் என்று சொன்ன ஆறுதலை நான் முழு மூச்சாக மறுக்கிறேன். ஆனால் அரசன் நிம்மதி இழந்ததை அந்த நூல் ஒளிக்கவில்லை. 2009இல் ஒலித்த வாத்தியங்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

எங்கள் காலி வீதியிலும் பெறுபேறு வந்த வாரத்தில் ரியூசன் நிலையங்களின் பதாகைகள் எழும்பும். ஒன்பது ஏ எடுத்தவர்களின் முகங்கள் அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் உழைத்துப் பெற்ற மகிழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் பெரும்பாலான பிள்ளைகள் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். பத்து வயதில். பிறகு அப்படி ஒரு பிள்ளையை மண்டபத்தில் உட்காரவைத்து, வெல்லாதவனுக்குத் தமிழில் இடமில்லை என்பதுபோல வஞ்சினம் கேட்க வைக்கிறோம். தமிழின் பெயரால் அதைச் செய்ய நமக்கு உரிமை கிடையாது. தோற்றவன் பக்கம் போய் நின்று பாடிய மொழி இது. பிள்ளைக்கு ஊக்கம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தோற்ற பெருஞ்சேரலாதனைக் கரிகாலனுக்கு மேலே வைத்துப் பேச ஒருத்திக்குத் துணிவு இருந்தது என்று அறியும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஊக்கம் எந்தப் பதாகையும் தராதது.

1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை இருக்கிறது. பள்ளிகளின் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்குத் தலைப்பு எழுதும்போது புறநானூறு 72க்குப் பக்கத்தில் மதுரைக்காஞ்சியை வையுங்கள். கரிகாலன் என்று எழுதினால் வெண்ணிக் குயத்தியாரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மலையமானின் பிள்ளைகளைக் காக்கக் கோவூர் கிழார் பேசியதை, பரிசு பெறாத வரிசையிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.