பண்ணையார் வேஷத்துக்கு ஆள் எங்கே?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்றொரு ஊர். 1926ல் ராக்ஃபெல்லர் பணத்தில் அதைப் பழையபடி, பதினெட்டாம் நூற்றாண்டு ஊராக, திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு கொல்லனாகவும் தச்சனாகவும் கனவானாகவும் சம்பளத்துக்கு ஆட்கள் உலவுவார்கள். பார்க்க வருபவர்களிடம் அந்தக் காலத்து மனிதர்களாகவே பேசுவார்கள். உயிருள்ள அருங்காட்சியகமாம்.

அன்று அந்த ஊர்ச் சனத்தில் பாதிக்கு மேல் கறுப்பர்கள், பெரும்பாலும் அடிமைகள். அருங்காட்சியகத்திலும் கறுப்பர்கள் இருந்தார்கள். எதுக்கு? வண்டி ஓட்ட, சமைக்க. வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்ல 1979 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1994 அக்டோபர் 10ஆம் தேதி, அங்கே ஒரு விடுதி வாசலில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். ஏற்பாடு செய்தவர் கறுப்பர் வரலாற்றுத் துறையின் தலைவர் கிறிஸ்டி கோல்மன். கறுப்புப் பெண். ஏலத்தில் நின்ற கர்ப்பிணி அடிமையும் அவரே. கறுப்பர் உரிமைச் சங்கத்தார் எதிர்த்தார்கள்: எங்க வலி உங்களுக்கு வேடிக்கையா?

அந்தக் கோபம் நமக்குத் தெரியாததா? சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அடிவாங்கியவர்கள் நாம். அதே பறையை நம் மேடையில் நாமே அடித்தபோது நமக்குள்ளேயே சண்டை வந்தது. நான் கோல்மன் பக்கம். எந்தக் காட்சி, எந்த வசனம் என்று முடிவு செய்தவர் அவர். கூலிக்கு வேஷம் கட்டியவர் மட்டும் என்றால் நானும் சங்கத்தாரோடு நின்றிருப்பேன்.

ஜார்ஜ் வாஷிங்டன் பண்ணையில் அடிமைப் பெண்ணாக வேஷம் கட்டிய அஸி டஞ்சி, பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளை வைத்து 2013ல் ஒரு இணையத் தொடர் எடுத்தார். பேப்பர்ல விளம்பரம் பார்த்தா இந்த வேலைக்கு வந்தேன்னு அடிமைகிட்ட கேட்கிறான் ஒருத்தன்! நாள் முழுக்க இதுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வதும் உழைப்புத்தான்.

நம்மூரிலும் 'பாரம்பரிய கிராமம்' கட்டுகிறார்கள். திண்ணை, மாட்டுவண்டி, குயவர் சக்கரம், வாசலில் வரவேற்கப் பறை. நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாளையும் விற்ற தேசம் இது. அந்தக் கிரயப் பத்திரத்தை எந்தத் திண்ணையில் வாசிக்கப்போகிறீர்கள்? சேரிக்குப் போகும் தனிப்பாதை உங்கள் வரைபடத்தில் உண்டா? பறையடிக்க எங்களைக் கூப்பிடும் முன்னால் ஒன்று சொல்லுங்கள், சாட்டையோடு நிற்க வேண்டிய பண்ணையார் வேஷத்துக்கு உங்க வீட்டிலிருந்து யார் வருவது?