மரை கழண்ட துப்பாக்கி

டிஸ்கி: தலைப்பைப் பாத்துட்டு யாரும் பயந்துராதீங்க. நம்ம வீரம் எல்லாம் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கியோட சரி. இங்க பேசப்போற துப்பாக்கி சுடவே சுடாது. குதிரையும் விசையும் இருந்த எடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு. ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத இந்த மாதிரி காலாவதி சாமானுக்கு 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவுல விலக்கு இருக்கு. ஆகவே ஏட்டய்யாக்கள் மன்னிக்கவும் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சாக்கோட்டை. கும்பகோணம் பக்கத்து சாக்கோட்டை இல்லீங்க, காரைக்குடி பக்கம், புதுவயலை ஒட்டி இருக்கிறது. மாமா வீட்டு ரெண்டாங்கட்டுல சின்ன வயசுலேர்ந்து நான் பாத்துக்கிட்டே இருந்த ஒரு நீளத் துப்பாக்கி இருக்கு. யாரோ எப்பவோ கடனுக்கு ஈடா வச்சுட்டுத் திருப்பாமப் போனதுன்னு அய்யா சொல்லுவார். அதை இப்ப மாமா, பழைய வீட்டை ஓட்டலா மாத்தியிருக்கிற சிநேகிதர் ஒருத்தருக்குக் காட்சிக்குக் குடுக்கப் போறாராம்.

"மாப்ள, நீ இதெல்லாம் ராத்திரி பகலா படிக்கிற ஆளு. கண்ணாடிப் பெட்டிக்கு அடியில ஒட்ட ரெண்டு வரி எழுதிக் குடு" என்றார். அவரே ஒரு வரி ரெடியா வச்சிருந்தார்: '1857 சிப்பாய்க் கலகத்தில் பயன்படுத்தப்பட்ட என்ஃபீல்டு ரைபிள்'.

எழுதிக் குடுத்திருக்கலாம். சனியன், எனக்குக் கை சும்மா இருக்காது. குழல் வாய்க்குள்ள சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். வழுவழுன்னு இருந்துச்சு. துருவைத் தவிர ஒண்ணும் தட்டுப்படல. காலேஜ் முதல் வருஷம் வாங்கின வெர்னியரைத் தேடி எடுத்து அளந்தேன். (கோட் எழுதுறவனுக்கு வெர்னியர் எதுக்குன்னு எங்கம்மாவும் கேட்டாங்க.) கிட்டத்தட்ட 16.7 மில்லிமீட்டர்.

"மாமா, இது ரைபிள் இல்ல மாமா."

அவர் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. "அப்ப டம்மி பீசா?"

டம்மி பீஸ் இல்லைன்னு சொல்லத்தான் இவ்வளவு பெரிய கதை.

முதல்ல என்ஃபீல்டுன்னா என்ன? புல்லட் வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டுங்கற ஊர்ல இங்கிலாந்து அரசாங்கத்தோட துப்பாக்கித் தொழிற்சாலை இருந்துச்சு. 1890கள்ல அதுக்கு உதிரிபாகம் செஞ்சு குடுத்த சைக்கிள் கம்பெனி அந்தப் பேரைத் தனக்கும் வச்சுக்கிச்சு. அப்புறம் 1955-ல சென்னைக்கு வந்து நம்மூர் வண்டியாவே ஆயிருச்சு. 'மேட் லைக் எ கன்'னு விளம்பரம் பண்ணது சும்மா இல்ல.

அந்தத் தொழிற்சாலையோட பேர் போன சரக்குதான் 1853 மாடல். வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால இடிச்சு, தொப்பி மாதிரி ஒரு சின்ன கேப்பை வச்சு சுடறது. ரைபிள்ங்கற பேருக்கே காரணம் குழலுக்குள்ள இருக்கிற வரிதான். நம்ம லேத் பட்டறை பாஷையில சொன்னா மரை. போல்ட்டுல இருக்கிற மரை நெருக்கமா இருக்கும், இது ரொம்ப ரொம்பத் தளர்வான மரை. 1853 மாடல்ல மூணு வரி, 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுத்து. குழல் நீளமே 39 அங்குலம்தான். ஆக குண்டு வெளிய வர்றதுக்குள்ள அரைச் சுத்துதான் சுத்துது. ஆனா போற வேகத்துல அது நொடிக்கு நூறு சுத்துக்கு மேல. பம்பரம் மாதிரி. அதனாலதான் குறி தப்பாமப் போகுது. வரி இல்லாத பழைய துப்பாக்கியில நூறு கெஜம் தாண்டினா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டுத்தான் சுடணும். இதுல முந்நூறு கெஜத்துலயும் ஆளைக் குறிவைக்கலாம்.

இந்தத் துப்பாக்கி மேல பைத்தியமா இருக்கிற கூட்டம் உலகம் பூரா உண்டு. அவங்க சண்டை எல்லாம் எந்த மாடல் உசத்திங்கறதுதான். சுருக்கமா சொல்லிர்றேன்.

மூணு பட்டை போட்ட நீள மாடல், அதாவது அசல் 1853. குழல் 39 அங்குலம். காலாட்படைக்கு. பின்வரிசை ஆள் சுடும்போது முன்வரிசை ஆள் காது பிஞ்சிடக்கூடாதுல்ல, அதுக்குத்தான் இந்த நீளம். பயோனெட் குத்துக்கும் எட்டும்.

ரெண்டு பட்டை போட்ட குட்டை மாடல், 1856-லேர்ந்து. குழல் 33 அங்குலம். சார்ஜண்டுகளுக்கும் ரைபிள் ரெஜிமெண்டுகளுக்கும். இதுல 1858 கடற்படை மாடலும் 1861 மாடலும் அஞ்சு வரி, 48 அங்குலத்துக்கு ஒரு சுத்து. மரை நெருக்கம் கூட. குறி பாத்துச் சுடறவன் ஓட்டு எல்லாம் இதுக்குத்தான் விழும். எனக்கும் படிச்ச வரைக்கும் அதுதான் சரின்னு படுது.

பீரங்கிப் படைக்கு 24 அங்குலம், குதிரைப் படைக்கு 21 அங்குலம்னு கார்பைன்கள் தனி.

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ரெண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 9 லட்சம் என்ஃபீல்டு வாங்கினதாச் சொல்றாங்க. 1866-லேர்ந்து பின்பக்கமா தோட்டா போடற ஸ்னைடரா இதையே மாத்த ஆரம்பிச்சாங்க. அதோட வாய்வழித் துப்பாக்கி சகாப்தம் முடிஞ்சுது.

இந்தப் பட்டியல்ல கடைசியா, ஏதோ தீண்டத்தகாத பொருள் மாதிரி ஒரு மாடலைச் சொல்லிட்டுத் தாண்டிப் போயிருவாங்க. 1858 மஸ்கெட். சேகரிக்கிறவங்க பெரும்பாலும் சீந்தாதது. என் கட்சி என்னன்னா, நம்மாளுங்க உக்காந்து படிக்க வேண்டிய மாடலே அதுதான்.

1857 கதை நமக்கெல்லாம் தெரியும். கொழுப்பு தடவின தோட்டா, மார்ச் 29 பராக்பூர்ல மங்கள் பாண்டே, ஏப்ரல் 24 மீரட் அணிவகுப்புல 90 பேர்ல 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தது, மே 10 வெடிச்சது. நான் படிச்ச பாடப்புத்தகத்துல அந்தத் துப்பாக்கி கதை அதோட முடிஞ்சுரும். அப்புறம் துப்பாக்கி என்னாச்சு?

வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அதே என்ஃபீல்டு. இந்தியச் சிப்பாய்க்கும் வெளியிலேர்ந்து பாத்தா அதே என்ஃபீல்டு. அதே நீளம், அதே மூணு பட்டை. ஆனா உள்ள இருந்த மரையை மட்டும் துருவி எடுத்துட்டாங்க. 0.577 அங்குலமா இருந்த துளை 0.656 ஆச்சு. நம்ம கணக்குல 14.7 மில்லி, 16.7 மில்லி ஆச்சு. தூரத்துக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்குற குறிப்பட்டையையும் கழட்டிட்டு, நகராத ஒண்ணை வச்சாங்க. குறி பாக்கவே வேணாம், கிட்டக்க நின்னு சுட்டாப் போதும்னு அர்த்தம்.

எங்க வேலையில ஒரே சாஃப்ட்வேரைக் காசுக்குத் தகுந்த மாதிரி பாதி வசதியை அடைச்சு 'லைட் எடிஷன்'னு விப்போம். அதுலயாவது காசு கட்டினா திறந்து விடுவோம். இது இரும்பையே செதுக்கி எடுத்தது. திருப்பி ஒட்ட முடியாது.

"மரை இல்லாட்டி சுலபமா லோடு பண்ணலாம், ரவை போட்டும் சுடலாம், காவல் வேலைக்கு அது போதும்"னு ஒரு வாதம் வரும். கொஞ்சம் யோசிங்க. சும்மா இருந்த மரையை எடுக்க ஏன் கூலி குடுக்கணும்? நல்லா இருந்த குறிப்பட்டையை ஏன் மாத்தணும்? துளை 2 மில்லி பெருத்தா குழல் சுவர் சுத்திவர ஒரு மில்லி மெலியும். மெலிஞ்ச குழல் கீழ விழுந்தா நெளிஞ்சுது, பயோனெட்டால குத்தினா வளைஞ்சுது. அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? மரையைத் திருப்பிக் குடுக்கல. குழல் சுவரைத் தடிமனாக்கி, மரையே இல்லாம 1859 மாடல்னு புதுசா செஞ்சாங்க. அதாவது காசு செலவு பண்ணிக் கெடுத்தாங்க, கெடுத்தது சரியா வரலைன்னதும் மறுபடி காசு செலவு பண்ணி ஒழுங்காக் கெடுத்தாங்க. இது சிக்கனம் இல்லீங்க, பயம்.

தனியா இதை மட்டும் பாத்தா சந்தேகம் வரலாம். கூட நடந்ததையும் பாருங்க. 1859 பீல் கமிஷன், வங்காளத்துல ரெண்டு இந்தியச் சிப்பாய்க்கு ஒரு வெள்ளைக்காரன், சென்னையிலயும் பம்பாயிலயும் மூணுக்கு ஒருத்தன் இருக்கணும்னு சொல்லுச்சு. சென்னைப் படையில பெரிசாக் கலகமே நடக்கல, இருந்தும் அந்தக் கணக்கு நமக்கும் சேர்த்துத்தான். பீரங்கியை வெள்ளைக்காரன் கையோட வச்சுக்கிட்டான். 1870கள்ல அவனுக்கு மார்ட்டினி ஹென்றி வந்தப்ப நம்மாளுக்கு அவன் கழிச்ச ஸ்னைடர். 1878-ல ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாம இந்தியன் துப்பாக்கி தொடக்கூடாது, வெள்ளைக்காரனுக்கு விலக்கு.

எங்க சீமைக்கு இது புதுசும் இல்ல. 1801 அக்டோபர் 24 பக்கத்துத் திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. டிசம்பர்லயே பாளையங்கள்ல யாரும் ஆயுதம் வைக்கக்கூடாதுன்னு கம்பெனி அறிவிப்பு வந்துருச்சு. வேலை செய்யிறவன் கையில ஆயுதம் வேணும், ஆனா நல்ல ஆயுதமா இருந்துறக் கூடாது. இந்த ஒரு வரியை எந்த சர்க்கார் காகிதமும் இவ்வளவு பச்சையாச் சொல்லாது. அந்த வழுவழு குழல் சொல்லுது.

அதனாலதான் மாமா எழுதின வரியில எனக்குக் கோவம். 1857-ல முக்காவாசி சிப்பாய்ங்க கையில என்ஃபீல்டே கிடையாது, பழைய மஸ்கெட்தான். எங்க துப்பாக்கியோ அதுக்குப் பின்னாடி வந்த வகை. 'கலகத்து ரைபிள்'னு எழுதினா கேக்க கம்பீரமா இருக்கும். ஆனா ரைபிள்ங்கறதும் பொய், கலகம்ங்கறதும் பொய். உண்மையில நடந்த அவமானத்தை மறைச்சு, நடக்காத வீரத்தை ஒட்டற லேபிள் அது.

நானும் நேர்மையா ஒண்ணு சொல்லணும். முத்திரை எல்லாம் துருவுல போயிருச்சு. இது 1858-ஆ 1859-ஆ, இல்ல எவனாவது உள்ளூர்க் கொல்லர் பாத்து அடிச்ச நகலான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதனால தெரிஞ்சதை மட்டும் எழுதிக் குடுத்தேன்: 'என்ஃபீல்டு சாயலில் உள்ள துப்பாக்கி. குழலில் மரை இல்லை. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு இப்படி மரை நீக்கிய துப்பாக்கிகளே தரப்பட்டன.'

மாமா ரெண்டு தடவை படிச்சார். "இதைப் படிச்சுட்டு எவன் மாப்ள போட்டோ எடுப்பான்?"

நேத்து போன் பண்ணினார். இன்னும் எதையும் ஒட்டலையாம். ஆனா வீட்டுக்கு வர்றவங்க கையைப் பிடிச்சு, "சுண்டுவிரலை உள்ள விட்டுப் பாருங்க, ஏதாச்சும் தட்டுப்படுதா?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்காராம். இல்லைன்னதும் நான் சொன்ன கதையை என்னைவிட நல்லா, காரசாரமா சொல்றாராம். அத்தைதான் சொன்னாங்க.

நீங்களும் எங்கயாச்சும் பழைய பங்களாவுல, மியூசியத்துல 'என்ஃபீல்டு'ன்னு ஒண்ணைப் பாத்தா, பேர்ப்பலகையை அப்புறம் படிங்க. முதல்ல குழல் வாயை எட்டிப் பாருங்க. தொட விட்டாங்கன்னா சுண்டுவிரல் போதும், வெர்னியர் எல்லாம் வேணாம் :-)