கட்டியங்காரனை வெளியே அனுப்பாதீர்கள்

நல்ல கதைக்கு அகராதி வேண்டாம் என்று வீடியோ கேம் விமர்சகர்கள் சிலர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேமுக்குள் இருக்கும் கலைக்களஞ்சியம், அதாவது கோடெக்ஸ், கதை சொல்லத் தெரியாதவன் பிடிக்கிற ஊன்றுகோலாம். நம்ம ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்றதும் கட்டியங்காரன் கேட்பான்: நீங்க யாரு, எந்த நாடு, எதுக்கு வந்தீங்க? ராஜா பாட்டில் சொன்னதைப் பேச்சில் திருப்பிச் சொல்வான், நடுவில் நக்கலும் அடிப்பான். பாதிக் கூட்டத்துக்குக் கதை முன்னாடியே தெரியும். ஆனாலும் அவனை யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ புராணப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது. அதனால் கம்பன் கெட்டுப்போனானா?

மோசமான கோடெக்ஸ் உண்டு, மறுக்கவில்லை. ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’இல் பாத்திரங்கள் ஃபால்சி, லசி என்று முதல் மணி நேரத்திலேயே கத்துகிறார்கள். அர்த்தம் மெனுவுக்குள் கிடக்கிறது. காட்சி செய்ய வேண்டிய வேலையைப் பட்டியலின் தலையில் கட்டினால் எரிச்சல்தான் வரும். அதே தொடரின் 16ஆம் பாகம் (2023) இதைச் சரிசெய்தது. கட்சீனை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், அந்த நிமிடத்துக்குத் தேவையான ஆள், ஊர், சண்டை மட்டும் வருகிறது. சாஃப்ட்வேர்காரனாகச் சொல்கிறேன், இது சோம்பேறி வேலை இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஆட்டக்காரனுக்கு இதுவரை என்ன தெரியும், இப்போது எதைக் காட்டலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

இதில் யாருக்கு நஷ்டம் என்பதுதான் என் கேள்வி. கச்சிராயபாளையத்தில் தமிழ் மீடியம் படித்தவனுக்கு வேகமான இங்கிலீஷ் வசனம் காதில் ஏறும் முன்பே சப்டைட்டில் ஓடிவிடும். அவனுக்காகக் காத்திருக்கிற ஒரே பக்கம் கோடெக்ஸ்தான். அதைக் கேவலமாகப் பேசுவது, இங்கிலீஷ் சரளமாக வருகிறவனின் சொகுசு.

நாளைக்குக் கல்வராயன் மலையை வைத்து ஒரு கேம் வருகிறது என்று வையுங்கள். அங்கே ‘மலையாளி’ என்றால் கேரளத்துக்காரர் இல்லை, மலைவாழ் தமிழ்ப் பழங்குடி. சென்னையில் இருந்து ஆடுகிறவன் அந்த ஒரு சொல்லிலேயே வழுக்கி விழுவான். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. சொல்கிற ஆளைப் பொறுத்து அது மாறும். அதை விக்கிபீடியா குரலில் எழுதினால் செத்துப்போகும். ‘விட்சர் 3’ (2015) பாத்திரக் குறிப்புகளை டேண்டிலியன் என்ற பாணனின் குரலில் எழுதியது. அந்த மாதிரி ஒரு மலைக் கிழவி சொல்லட்டும், அவள் பேரன் மறுத்துப் பேசட்டும். ‘வெண்பா’வில் (2023) அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை நாம்தான் சரிசெய்கிறோம். அங்கே குறிப்பேடே கதையாகிவிடுகிறது.

கேம் எழுத வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: கோடெக்ஸைக் கடைசி வாரத்தில் இன்டர்னிடம் தள்ளாதீர்கள். உங்களில் நன்றாக எழுதுகிறவரிடம் கொடுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள்.